பட்டாவும் பலமும்

மாமல்லபுரத்துக் கடற்கரையை 2019ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் உலகம் உற்று நோக்கிற்று. மாந்தரினத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரை ஆளும் இரு நாடுகளின் தலைவர்கள், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சீனக் குடியரசுத் தலைவர் ஷி ஜின்பிங்கும், அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பாறைச் சிற்பத்தின் முன்னே நின்றனர். ஐந்து இரதங்களைச் சுற்றி வந்தனர். கடற்கரைக் கோயிலின் எதிரே அமர்ந்து கலை நிகழ்ச்சி கண்டனர். பல்லவன் புகழ் பேசப்பட்டது. உளி பிடித்தவன் எந்தச் சேரியிலே உறங்கினான் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.

அந்நாளுக்கு 25 ஆண்டும் ஒரு நாளும் முன்னர், 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அக்கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கல்பட்டு நகரில் காவல் துறையின் துப்பாக்கிகள் வெடித்தன. காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கத் திரண்ட மக்களில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். முதல் நிகழ்ச்சியைப் பள்ளிப் பிள்ளையும் அறிவான். இரண்டாவதை நம்மிடையே எத்தனை பேர் அறிவோம்?

காரணை மக்கள் புதிய நிலம் எதுவும் கேட்கவில்லை. மாளிகை கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை. அரசு தம் முன்னோர்க்கு எழுதிக் கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டனர். எழுதிக் கொடுத்த நிலம் எப்படிக் கை மாறிற்று? சட்டம் இருந்தது, ஆணை இருந்தது, பட்டா இருந்தது. நிலம் மட்டும் இல்லை! இந்தப் புதிரை விடுவிக்க, செங்கல்பட்டுச் சீமையைப் பற்றி ஆங்கில அதிகாரிகள் இருவர் எழுதிய இரண்டு ஏடுகளைத் திறனாய்வு செய்ய முற்படுகிறோம். ஒன்று எல்லிஸ் எழுதியது, 1816ஆம் ஆண்டினது. மற்றது திரமென்ஹீர் எழுதியது, 1891ஆம் ஆண்டினது. முன்னவரை மொழிக்காக நாம் போற்றுகிறோம். பின்னவரை நிலத்துக்காக நாம் போற்றுகிறோம். போற்றுதல் வேறு, படித்தல் வேறு. இரண்டையும் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஜாகீரும் ஏரியும்

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, தான் பட்ட நன்றிக்கும் கடனுக்கும் ஈடாகச் செங்கல்பட்டுச் சீமையை 1763ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். வணிகம் செய்ய வந்தவன் வரி வாங்குபவனானான். வரி வாங்க வேண்டுமாயின் விளைவை அளக்க வேண்டும். அளக்க வேண்டுமாயின் ஊரை அறிய வேண்டும். 1767ஆம் ஆண்டு தொடங்கி 1774ஆம் ஆண்டு முடியத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். களத்து நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, வண்ணானுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று மேரை மேரையாகக் கணக்கில் ஏறிற்று.

"எல்லோருக்கும் பங்கு இருந்தது பார், அதுவன்றோ பொற்காலம்!" என்று இக்கணக்கைக் காட்டிப் பெருமூச்சு விடுவோர் இன்றும் உளர். பங்கு இருந்தது, மெய்யே. ஆனால் பங்கு வேறு, பாத்தியதை வேறு. களத்தில் நெல் அளக்கும்போது கை நீட்டி வாங்குபவனுக்கும், அளந்து கொடுப்பவனுக்கும் இடையே உள்ள தொலைவை எந்த மரக்காலும் அளக்கவில்லை. ஆண்டுதோறும் ஒருவன் வாங்குகிறான், மற்றவன் வழங்குகிறான் என்றால், அங்கே இருப்பது பகிர்வன்று, பழக்கமாகிப்போன பணிவு.

மதுராந்தகத்து ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1790களில் இச்சீமையின் கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேஸ். ஒரு மழைக்கால இரவில் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது, வில்லேந்திய இருவர் கரையில் நின்று காத்ததை அவரே கண்டார் என்பது கதை. அன்று முதல் அவ்வூர்த் தெய்வம் 'ஏரி காத்த இராமர்' ஆயிற்று. கதையில் இராமனுக்கு இடம் உண்டு, இலக்குவனுக்கு இடம் உண்டு, வெள்ளைக்காரக் கலெக்டருக்கும் இடம் உண்டு. கூடை சுமந்து மண் கொட்டிக் கரையை உயர்த்தியவனுக்கு மட்டும் இடம் இல்லை. கதையில் இடம் இல்லாதவனுக்குக் கணக்கிலும் இடம் கிடைப்பதில்லை. இதை மனத்தில் இருத்தி முதல் ஏட்டுக்குள் செல்வோம்.

எல்லிஸ் எழுதிய ஏடு

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்றால் நம் நெஞ்சம் நெகிழும். திருக்குறளுக்கு ஆங்கில உரை வரைந்தவர். சென்னையில் நீர்ப்பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்துக் கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு வெளிவருவதற்கு 40 ஆண்டுகள் முன்னரே, 1816இல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிற் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சான்று காட்டி நிறுவியவர். திராவிடன் என்று நாம் தலை நிமிர்ந்து சொல்வதற்கு அடித்தளம் இட்ட கைகளில் அவர் கையும் ஒன்று.

அதே கை, அதே ஆண்டில், வேறொன்றும் எழுதிற்று. மிராசு உரிமை என்பது யாது என அரசு கேட்ட 17 வினாக்களுக்கு, சென்னைக் கலெக்டர் என்ற முறையில் அவர் எழுதிய விடைகள் அவை. மிராசு அரபுச் சொல். மரபுரிமை என்பது பொருள். தமிழில் காணியாட்சி. தொண்டை மண்டலத்து ஊர்களில் காணியாட்சி உடையவர்கள் வெறும் வரிகட்டும் குடிகள் அல்லர், நிலத்துக்கு உண்மையான உடைமையாளர்கள் என்பது எல்லிஸின் முடிபு. பழைய ஓலைகளையும் கல்வெட்டுகளையும் விலை ஆவணங்களையும் சான்றாக அடுக்கினார். சங்கரய்யா அவருக்குத் துணை நின்றார். ஆதொண்டச் சோழன் குறும்பரை வென்று, காடு திருத்தி, வேளாளரைக் குடியேற்றினான் என்னும் வழக்காறும் அவ்வேட்டில் எடுத்தாளப்பட்டது.

எல்லிஸுக்கு நாம் அநீதி இழைக்கமாட்டோம். நிலமெல்லாம் அரசனுக்கே சொந்தம், ஆகவே இன்று கம்பெனிக்கே சொந்தம் என்று வாதிட்ட கூட்டத்துக்கு எதிராக அவர் பேனா பிடித்தார். இந்நாட்டு மக்களுக்கும் சொத்துரிமை என்று ஒன்று உண்டு, அது எழுத்தில் உண்டு, வழக்கில் உண்டு என்று வெள்ளை ஆட்சியின் செவியில் ஓதினார். அது துணிவு. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால், திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்நாட்டு மக்கள்" என்று அவர் கண்டது யாரை? ஆவணம் வைத்திருந்தவனை! ஓலை வைத்திருந்தவனிடம் ஓலை கேட்டார். கல்வெட்டு வெட்டுவித்தவனின் கல்வெட்டைப் படித்தார். ஓலை இல்லாதவனின் சான்று யாது? அவன் உழுத சால்தான். சால் மறு மழையில் கலைந்துவிடும். அடிமையாட்களைப் பற்றியும் அவ்வேட்டில் பேச்சு உண்டு. ஆனால் மிராசு என்னும் உரிமையை விளக்கும்போது, அதனோடு ஒட்டிய ஒன்றாகவே அவர்கள் வருகிறார்கள். நிலம் யாருடையது என்ற வினாவுக்கு விடை சொல்லும் ஏடு, நிலத்தில் இறங்கியவனை வினவவில்லை. குறும்பரை வென்றதால் நிலம் வந்தது என்னும் கதையை உரிமைக்குச் சான்றாக ஏற்றால், வென்றவனுக்கு நிலம், தோற்றவனுக்குச் சேரி என்பதையும் ஏற்றாக வேண்டும். தேவாசுரப் போரை நம்ப மறுக்கும் நாம், இதை மட்டும் எப்படி நம்புவது?

இன்னொன்றும் சொல்வோம், சொல்லப் பேனா தயங்கக் கூடாது. செங்கல்பட்டு மிராசுதாரருள் பார்ப்பனரும் இருந்தனர், பார்ப்பனரல்லாத வேளாளரும் இருந்தனர். மொழியால் நம்மவர், இனத்தால் நம்மவர், ஆயினும் சேரிக்கு எதிரே நின்றபோது அவர்கள் கையில் இருந்த கோல் ஒன்றே. எல்லிஸின் ஒரு கட்டுரை நமக்கு மொழியின் விடுதலையைத் தந்தது. அவருடைய மற்றொரு கட்டுரை, நம்மவரில் ஒரு சாராருக்கு மற்றொரு சாரார்மேல் இருந்த பிடிக்கு நூல் வடிவம் தந்தது. முன்னதைப் பாடநூலில் வைத்துப் பின்னதை ஆவணக் காப்பகத்தில் பூட்டி வைப்பது பகுத்தறிவு ஆகாது.

திரமென்ஹீர் எழுதிய ஏடு

75 ஆண்டுகள் கடந்தன. இடையே 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்து, ஒருவனை மற்றொருவன் அடிமை என்று உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கா என்று விதித்தது. சட்டப் புத்தகத்தில் அடிமை மறைந்தான். பண்ணையிலோ, பண்ணையாளாக இருந்தான், கடனுக்கு உழைத்தான், கடன் தீராமல் மாண்டான், மகன் அந்தக் கடனுக்குப் பிறந்தான். தாங்க முடியாதவர்கள் கப்பலேறினார்கள். 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையைச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கியவர்களின் பின்னே பல்லாயிரம் தமிழர் சென்றனர். ஊரில் காணி இல்லாதவனுக்குக் கடல்தான் காணி!

செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு போன்ற பாதிரிமார் சேரிகளின் நிலையை அரசுக்கு எடுத்துரைத்தனர். மாவட்டக் கலெக்டராயிருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையரைப் பற்றிய தம் குறிப்பை 1891ஆம் ஆண்டு எழுதி முடித்தார். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அவர் பெயர் உடன் வருவது இதனால்தான்.

அவ்வேட்டின் பெருமை எது? இரக்கம் அன்று. இரங்கியவர் பலர். அவர் காரணத்தைக் கண்டார். முன்வினைப் பயன் என்றது வைதிகம். சோம்பலும் குடியும் காரணம் என்றது மேட்டுக்குடி. திரமென்ஹீரோ விதியையும் பழிக்கவில்லை, வேலைக்காரனையும் பழிக்கவில்லை, ஏற்பாட்டைச் சுட்டினார். ஒருவன் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு கொடுத்தால், அந்நிலத்தின்மேல் முதல் உரிமை மிராசுதாரருக்கு. பாடுபட்டுக் காசு சேர்த்தாலும் நிலம் கிட்டாது. பயிரிட்டாலோ, பாயக்காரியாகத் துண்டுவாரம் அழ வேண்டும். எதிர்த்துப் பேசினாலோ, குடிசை நிற்கும் இடமே மிராசுதாரருடையது, நாளைக்கே வெளியேறு! நிலம் இல்லை, மனை இல்லை, கடன் உண்டு: இந்த மூன்று முடிச்சும் சேர்ந்ததே தீண்டாமையின் பொருளியல் என்பதை அவர் ஏடு வெளிச்சம் போட்டுக் காட்டிற்று. வீட்டுமனையை அவர்களுக்கே உரியதாக்குங்கள், நிலம் கொடுங்கள், கல்வி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது.

அதன் தொடர்ச்சியாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் ஆணை பிறந்தது. பின்னர், 1920ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் ஏற்பட்டபின், நில ஒப்படை வேகம் பெற்றது. இந்நிலங்களைப் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனை பட்டாவோடு சேர்ந்தது. தமிழகம் முழுவதும் இவ்வாறு ஒதுக்கப்பட்டது 12 இலட்சம் ஏக்கர் என்பது மீட்பு இயக்கத்தார் கூறும் கணக்கு.

ஏட்டில் இல்லாத பக்கம்

இனி ஏட்டின் குறையைக் காண்போம். நோயை இவ்வளவு துல்லியமாக அறிந்த மருத்துவர், மருந்தை யார் கையில் கொடுத்தார்?

ஆணையைச் செயற்படுத்த வேண்டியவர் யார்? தாசில்தார். தாசில்தாருக்குக் கண்ணும் காதும் யார்? ஊர் மணியக்காரரும் கர்ணமும். இவ்விரண்டும் பரம்பரைப் பதவிகள். பெரும்பாலும் நிலமுடையோரும் எழுத்தறிந்த மேல்சாதியாருமே வகித்தவை. எந்தப் புல எண் தரிசு, எது வாய்க்காலுக்கு அண்மை, எது கல்லும் கள்ளியும் மண்டியது என்று சொல்லும் வாய் அவர்களுடையது. யார் பெயரில் அடங்கல் ஏறுகிறது, எப்போது பெயர் மாறுகிறது என்று எழுதும் கை அவர்களுடையது. பூனையின் பிடியிலிருந்து பாலை மீட்க ஆணை போட்டார்கள். ஆணையை நிறைவேற்றும் பொறுப்பைப் பூனையிடமே ஒப்படைத்தார்கள்!

நிலம் கிடைத்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் பட்டா இருக்கிறது, படிக்கத் தெரியாது. நிலம் இருக்கிறது, ஏர் இல்லை, எருது இல்லை. ஏரி நீர் மேற்குடிகளின் வயல் நனைந்த பிறகே வரும். விதைக்குக் கடன் வேண்டும். கடன் கொடுப்பவன் பட்டாவை அடகு கேட்பான். "விற்கக் கூடாது" என்பது சட்டம். "விற்காமல் வாழ முடியாது" என்பது வாழ்க்கை. இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் குத்தகை என்று ஒரு தாள், அடமானம் என்று ஒரு தாள், பினாமி என்று ஒரு பெயர் நுழையும். ஒரு தலைமுறை கழித்துக் கணக்கைத் திறந்தால் நிலம் வேறொருவன் பெயரில் நிற்கும். திருட்டு நடந்த நாளை எவரும் சொல்ல முடியாது. ஏனெனில் எல்லாம் கணக்குப்படியே நடந்திருக்கும்.

பரம்பரை ஊர் அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டன. 1892இலிருந்து கூட்டிப் பாருங்கள்: 88 ஆண்டுகள் பட்டா ஒரு கையில், பேனா வேறொரு கையில்! பதவிகள் ஒழிந்த அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பல ஊர்களில் பஞ்சமி நிலம் அன்று யார் அனுபவத்தில் இருந்ததோ அவர் பெயரிலேயே பதிவாயிற்று என்று மீட்பு இயக்கத்தார் குமுறுகின்றனர். கர்ணம் போனார், கணக்கு நின்றது.

ஏட்டில் இல்லாத இன்னொரு பக்கமும் உண்டு. திரமென்ஹீரின் குறிப்பில் சேரி மக்கள் இரக்கத்துக்குரியோராகத் தோன்றுகின்றனர்; தமக்காகத் தாமே பேசும் அரசியல் மாந்தராகத் தோன்றவில்லை. ஆனால் அதே 1891ஆம் ஆண்டில் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893இல் 'பறையன்' என்னும் ஏட்டைத் தொடங்கினார். சீனிவாசன் எந்த ஊரினர்? மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம்! கலெக்டர் எந்தச் சீமையைக் கண்டு குறிப்பெழுதினாரோ, அந்தச் சீமையின் மகன்.

அவர் செய்தது என்ன? ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கிளர்ச்சி செய்தபோது, அதை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். நாட்டுரிமைக்கு எதிரி என்று அவரைத் தூற்றினார்கள். அவர் அஞ்சியது எதற்கு? தேர்வெழுதி அதிகார நாற்காலியில் அமரப்போவோர் யார் என்று அவர் கண்டார். மனு கொடுக்கப்போவோர் யார் என்றும் கண்டார். அந்நியன் ஆட்சியை நம்பி நின்ற அம்முடிவில் குறை காண்போர் காணலாம். ஆனால் நிலத்தைவிட நாற்காலி முந்தியது, ஆணையைவிட ஆணையை எழுதும் கை முந்தியது என்று கலெக்டருக்குத் தெரியாத உண்மை கோழியாளத்தாருக்குத் தெரிந்திருந்தது. ஏடெழுதிய ஐ.சி.எஸ். அதிகாரியைவிட ஏட்டில் இடம்பெறாத அவர் தெளிவாக இருந்தார் என்பதே நம் திறனாய்வின் தீர்ப்பு.

கடல்கள் கடந்து ஒரே கதை

இது செங்கல்பட்டுக்கு மட்டும் உரிய கதையோ? அன்று. அமெரிக்காவைப் பாருங்கள். உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், படைத்தலைவர் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கரோலினாவிலிருந்து புளோரிடா வரை நீளும் கடற்கரை நிலத்தை விடுதலை பெற்ற நீக்ரோ மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பிரித்தளிக்கும் ஆணை அது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினர், உழுதனர், விதைத்தனர். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். குடியரசுத் தலைவராக வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அவ்வாண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய பண்ணை முதலாளிகளுக்கே திருப்பினார். அடிமைத்தனம் ஒழிந்தது, அடிமையாக இருந்தவனுக்கு நிலம் இல்லை. அதற்கு முன்னரே, 1833ஆம் ஆண்டு, தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த பிரிட்டன் 2 கோடி பவுன் ஈட்டுத்தொகை கொடுத்தது. யாருக்கு? அடிமைக்கன்று, அடிமையை இழந்த ஆண்டைக்கு!

உருசியாவில் 1861ஆம் ஆண்டு பண்ணை அடிமைகளை ஜார் மன்னன் விடுவித்தான். நிலமும் தந்தான், 49 ஆண்டுகள் தவணை கட்டும் நிபந்தனையோடு! 1905ஆம் ஆண்டு நாடெங்கும் புரட்சி வெடித்த பிறகே தவணையை நீக்க இசைந்தான். கொடுத்தவன் மனம் கனிந்தா நீக்கினான்? வாங்கியவன் திரண்டதால் நீங்கிற்று.

மாறான சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற சப்பானில், அமெரிக்கப் படையின் மேற்பார்வையில், 1946ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தம் தொடங்கிற்று. அங்கே ஊர்தோறும் நிலக்குழு அமைத்தார்கள். குழுவில் பத்துப் பேர்: குத்தகையாளர் ஐவர், நிலக்கிழார் மூவர், சொந்தமாக உழுவோர் இருவர். எந்த நிலம் யாருக்கு என்று முடிவு செய்யும் மேசையில், உழுபவனுக்குப் பாதி இடம்! சில ஆண்டுகளில் குத்தகை முறையின் முதுகெலும்பு முறிந்தது. சப்பானியர் நம்மைவிட நல்லவர் என்பதாலன்று; மேசையில் யார் அமர்வது என்பதை ஆணையே வரையறுத்ததால்.

ஷெர்மன் ஆணையில் நிலம் இருந்தது, பலம் இல்லை. திரமென்ஹீர் ஏட்டிலும் அவ்வாறே. சப்பானில் இரண்டும் சேர்ந்தன. பட்டா தனியே வந்தால் பட்டம்போல் பறந்துவிடும். பலம் என்னும் நூல் கையில் இருந்தால்தான் நிற்கும்.

நம்மையே நாம் கேட்போம்

இதுவரை வெள்ளைக்காரனின் ஏட்டைத் திறனாய்ந்தோம். நம் ஏட்டைத் திறனாய வேண்டாமோ? சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 நாள்களில், இதே செங்கல்பட்டில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிற்று. பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை அறுத்தெறிந்த மாநாடு அது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கிய மாநாடு அது. பெயரிலிருந்து சாதி போயிற்று, மெய்யே. அடங்கலிலிருந்து போயிற்றா?

நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டிற்று. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அரசியலமைப்பை ஆக்கிய அம்பேத்கர், 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அரசியலில் சமம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டோடு நாம் குடியரசுக்குள் நுழைகிறோம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு 45 ஆண்டுகள் கழித்துத்தான் செங்கல்பட்டில் குண்டு பாய்ந்தது. அப்போது கோட்டையில் வெள்ளையன் இல்லை. நம் மொழி பேசுவோர் ஆட்சி, நம் வாக்கால் வந்த ஆட்சி! ஆகவே ஆள்பவனின் நிறம் மாறுவதோ, மொழி மாறுவதோ போதாது. ஊர்க் கணக்கின் முன்னே நிற்கும் ஏழையின் நிலை மாறியதா என்பதே அளவுகோல்.

இன்று அக்கடற்கரை நிலத்தின் விலை என்ன? கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் விடுதிகளும் வளைவு வாயில் வைத்த மனைப்பிரிவுகளும் வரிசையாக நிற்கின்றன. கள்ளியும் கல்லும் மண்டியது, யாருக்கும் வேண்டாதது என்று அன்று ஒதுக்கிக் கொடுத்த நிலம் இன்று பொன் விலை பெறுகிறது. பயனற்றதாக இருந்தவரை பஞ்சமனுக்கு. பயன் வந்தபின் பணக்காரனுக்கு!

மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரி என்று ஓர் ஊர். அங்கே 2021ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரில் சென்று இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கினார். கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தம்மை விரட்டினர் என்று நரிக்குறவப் பெண் ஒருத்தி குமுறியதைத் தொடர்ந்து நிகழ்ந்தது அது. முதலமைச்சர் சேரிக்குச் சென்றதை வரவேற்கிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே: குடிசை நிற்கும் மண் குடியிருப்பவனுக்கே சொந்தமாக வேண்டும் என்று கலெக்டர் எழுதியது 1891இல். அதே சீமையில், உலகம் வந்து சிற்பம் காணும் ஊரின் எல்லையில், அதே மண்ணுக்கான பட்டா வழங்கப்பட்டது 2021இல். இடையே 130 ஆண்டுகள்! அதுவும் ஒரு பெண் வாய் திறந்து கேட்ட பிறகு.

அவள் வாய் திறந்தாளே, அங்கேதான் இருக்கிறது நாம் தேடிய விடை. எல்லிஸின் புலமை அவளைக் காணவில்லை. திரமென்ஹீரின் இரக்கம் அவளைக் கண்டது, பேசவிடவில்லை. பேசியவுடன் பட்டா வந்தது. அப்பட்டாவை நாளைக்கும் அவள் கையில் நிறுத்தி வைக்கும் பலம் எது? அதை ஆக்குவது நம் கடமை.

படிப்பகத்தில் குறளும் வரலாறும் படிக்கும் இளைஞர்களே! இனி இன்னோர் ஏட்டையும் படியுங்கள். ஒவ்வொரு ஊரின் கிராம நிர்வாக அலுவலகத்திலும் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. எந்தப் புல எண் பஞ்சமிக்கு ஒதுக்கியது, இன்று யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. சேரியிலுள்ள பெரியவரை அருகே அமர்த்தி, அவர் வாய்மொழியையும் பதிவேட்டின் வரியையும் ஒப்பிட்டு எழுதுங்கள். எல்லிஸ் கேட்காத சாட்சியை நீங்கள் கேளுங்கள். கல்லில் பல்லவன் பெயரைப் படிக்கத் தெரிந்த நமக்குக் கணக்கில் காரணையின் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும்.